கரண்டுக்காரி

ஷீபா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்று சொல்லிவைத்தவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. ஆனால் சாவின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவள், பார்த்ததையும் கேட்டதையும் பேசாமல் எப்படி அடக்கிவைப்பாள்? செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த மறுநாளே தெருக்குழாயடிக்குப் போனாள். தண்ணீர் பிடிக்கப் போகவில்லை, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசத்தான் போனாள்.

மானாம்பதிக்குப் போகிற வழியில் இருக்கிறது அந்தக் காலனி. நாற்பது வீடு இருந்தால் அதிகம். ஒரு வீட்டுக்கும் சொந்தமாக ஒரு சென்ட் கழனி கிடையாது. பாதிப் பேர் அம்மன் கோயிலுக்குப் போவார்கள், பாதிப் பேர் சர்ச்சுக்குப் போவார்கள், நடவு என்று வந்துவிட்டால் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வரிசையில் சேற்றில் இறங்குவார்கள். பெஞ்சமினைக் கட்டிக்கொண்டு அந்த ஊருக்கு வந்த வருடத்திலிருந்து ஷீபா அந்த வரிசையில் நின்றவள்தான். போன வருடம் அவளுக்கு நின்ற இடத்தில் கண் இருட்ட ஆரம்பித்தது. அடுப்படியில் விழுந்தாள், பஸ் ஸ்டாண்டில் விழுந்தாள், கடைசியில் ஒருநாள் ஜெபத்தின் நடுவில் விழுந்தாள். ஜெபத்துக்கு வந்திருந்த ஒரு நர்ஸ் நாடி பிடித்துப் பார்த்து, பயந்துபோய் ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள்.

"எம்மா, என் நெஞ்சுல கரண்டு ஓடுது, தெரியுமா?" என்றாள் ஷீபா, குழாயடியில் நின்ற பெண்களிடம். குரலில் அப்படி ஒரு பெருமை! "டாக்டரம்மா படம் போட்டு காட்டுனாங்கோ. நெஞ்சு மேல்பக்கமா ஒரு இடம் கீதாம். அங்கதான் கரண்டு கெளம்பும். கெளம்பி மேல் ரூமு ரெண்டும் சுருங்குமாம். அப்பால நடுவுல ஒரு எடத்துல துளியூண்டு நின்னு, கீய் ரூமுக்கு எறங்குமாம். எனுக்கு அந்த நடு வயி அறுந்துபோச்சி. மேல கூப்புட்றது கீய காதுல வியல. அதான் மிசின் வெச்சி, கம்பி உட்டு, கீய இருந்தே கரண்டு குடுக்குறாங்கோ."

இதெல்லாம் அவளுக்கு எப்படிப் புரிந்தது? நடவுக்காரிக்கு இது புரியாமல் எப்படிப் போகும்! வரிசையின் முனையில் நிற்கிறவள் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் கால் பின்னால் போகும். குரல் கேட்காவிட்டால் அவளவள் இஷ்டத்துக்கு நடுவாள், வரிசை கோணும். டாக்டரம்மா சொல்லச் சொல்ல ஷீபாவுக்கு அதுதான் ஞாபகம் வந்தது. 'உனக்கு மட்டும் இல்லம்மா, எல்லார் நெஞ்சுலயும் இந்தக் கரண்டு இருக்கு, அதனாலதான் துடிக்குது' என்று அந்தம்மா சொன்னதையும் ஷீபா குழாயடியில் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆனால் முழுதாகக் கேட்கிற காது எந்தக் குழாயடியில் இருக்கிறது? கரண்டு, மிசின், கம்பி. இந்த மூன்றும்தான் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தன.

அதற்குக் காரணமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. போன மழையில் பக்கத்து ஊர்க் கழனியில் மின்கம்பி அறுந்து விழுந்து, சேற்றில் நின்ற இரண்டு உழவு மாடுகள் அப்படியே மடங்கி விழுந்தன. ஓட்டிக்கொண்டு போனவன் வரப்பில் நின்றதால் தப்பித்தான். ஈரத்தில் காலை வைத்துப் பிழைக்கிற ஜனங்களுக்குக் கரண்டு என்றால் குலைநடுங்கும். நட்டநடுச் சேற்றில் கரண்டுக்காரி ஒருத்தி இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவள் கதி என்ன?

ஆறு வாரம்தான் கையைத் தூக்கக் கூடாது என்றார்கள், அதுபோல இரண்டு மடங்கு காலம் வீட்டில் இருந்துவிட்டு, டாக்டரம்மா சரி என்று சொன்னபிறகு, ஷீபா புடவையைச் செருகிக்கொண்டு நடவுக்குக் கிளம்பினாள். வரிசையில் அவளுக்கு இடம் விடவில்லை. ஒருத்தி இருமினாள், ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். "ஒடம்பு சரியில்லாதவ, எதுக்கும்மா உனுக்கு?" என்றாள் ஒருத்தி. ஊருக்கு இளைத்தவளிடம் உண்மையைச் சொல்வதற்குக்கூட யாருக்கும் மனசு வரவில்லை. நூறு நாள் வேலையிலும் அப்படித்தான், ஏரிக்கரையில் தனியாக ஒரு குழியைக் காட்டி, நீ அங்கே வெட்டு என்றார்கள். குழாயடியில் அவள் பிடித்துவிட்டுப் போனபிறகு பைப்பைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுத் தொட்டார்கள்.

கூத்து இதோடு நிற்கவில்லை. வீட்டு வயரிங் வேலை பார்க்கிற ஜான் ஒருநாள் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, கொஞ்சம் கைய காட்டு, இன்னிக்கி இத்த பைசல் பண்ணிடலாம்" என்று சொல்லித் தெருவே பார்க்க அவள் முழங்கையில் வைத்து அழுத்தினான். பல்பு எரியவில்லை. ஷீபா சிரித்தாள், அப்பாடா, விட்டது சனி என்று. ஜான் டெஸ்டரை உதறிப் பார்த்துவிட்டு, "வெளிய காட்டல. உள்ளார கீது" என்றான். அடப்பாவி! எரிந்திருந்தாலாவது ஒரு முடிவு தெரிந்திருக்கும்.

பெஞ்சமின் வாலாஜாபாத்தில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவன். அவனிடம் சொல்லி அழுதாள். "உடு ஷீபா. நான் சம்பாரிக்கறேன், நீ குந்திக்கினு துன்னு" என்றான். நல்ல மனுஷன்தான், ஆனால் புரியவில்லை. கூலிக்காகவா அழுதாள்? வரிசையில் நின்றால்தான் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியும். மாமியாரைத் திட்டுவது, புருஷனைக் கிண்டல் பண்ணுவது, மதியம் வரப்பில் உட்கார்ந்து ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை விடுவது, எல்லாம் அங்கேதான். அந்த வரிசைக்கு வெளியே அவளுக்கு ஊர் என்று ஒன்று இல்லை. மேலத்தெருக்காரர்கள் காலங்காலமாக ஒதுக்கினார்கள், அது பழகிய வலி. சொந்தக் காலனியே ஒதுக்குவதை அவளால் தாங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலேயே செத்திருக்கலாம் என்றுகூட நினைத்தாள்.

தை மாதம் நவரைப் பட்டத்து நடவு தொடங்குகிற சமயம், ஒரு மத்தியானம் சுலோச்சனா கொல்லைப்பக்கமாக வந்தாள். சுலோச்சனாதான் நடவுக்குத் தலைமை. யார் கழனி, எத்தனை ஆள், என்ன கூலி என்று பேசி முடிப்பது அவள். வரிசை முனையில் நின்று "ஆங், பின்ன வெய்!" என்று குரல் கொடுப்பதும் அவள். ஷீபாவுக்கு இடம் கிடையாது என்று முடிவெடுத்ததும் அவளாகத்தான் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவள் வாசல் வழியாக வராமல் கோழிக்கூண்டைத் தாண்டி வந்து நின்றாள்.

"ஷீபா, உனுக்கு மொதல்ல எப்டி இருந்துச்சி? கண்ணு இருட்டுனு வருமே, அது" என்று கேட்டாள்.

ஷீபா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். சுலோச்சனா கையை இழுக்கவில்லை. நாடி ஒன்று அடித்தது. அடுத்தது வருமா வராதா என்று காத்திருந்து, சரி வராது என்று நினைக்கிற நேரத்தில் அடித்தது. ஷீபாவுக்கு வரிசையை விட்டுத் துரத்தியவள் என்கிற கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"யக்கா, பொடவைய மாத்திக்கினு வா. உத்திரமேரூர் போலாம். இப்பவே."

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் சுலோச்சனாவைப் படுக்கவைத்து, நெஞ்சிலும் கைகாலிலும் ஒயர் மாட்டி ஈசிஜி எடுத்தார்கள். காகிதம் வந்ததும், தன் நெஞ்சிலும் மிசின் இருப்பதைச் சொல்லியிருந்த ஷீபாவை டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார். சின்ன மேடு மேல் அறைக்காம், பெரிய முள் கீழ் அறைக்காம். சின்னது வந்த கையோடு பெரியது வர வேண்டும். இங்கே சின்ன மேடுகள் தன்போக்கில் வந்துகொண்டிருந்தன, பெரிய முட்கள் எங்கோ தள்ளித் தள்ளி நின்றன. ஒரே வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத புருஷன் பெண்டாட்டி மாதிரி என்றார் டாக்டர். "கீழ்ப்பக்கம் தானா ஏதோ துடிக்குது, அதுல ஓடிட்டிருக்கு. அது எப்ப நின்னு போகும்னு சொல்ல முடியாது. உங்களுக்கு வெச்ச அதே மிஷின் வைக்கணும். இப்பவே ஆம்புலன்ஸ் சொல்றேன், செங்கல்பட்டுக்குப் போயிடுங்க."

வீட்டில் சொல்லிவிட்டு வருகிறோம் என்று டாக்டரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு சுலோச்சனா வெளியே வந்துவிட்டாள். ஷீபா பின்னாலேயே ஓடினாள். இரண்டு பேரும் ஊருக்குத் திரும்புகிற பஸ்சில் ஏறினார்கள்.

"நடவ முடிச்சிட்டு போறேன்" என்றாள் சுலோச்சனா, பாதி வழியில்.

"யக்கா, டாக்டர் சொன்னது காதுல விய்ந்துச்சா இல்லியா?"

"விய்ந்துச்சி. நீ ஊருல வாய தொறக்காத. தொறக்காம இருந்தா, நாளைக்கே உன்ன வரிசையில சேத்துக்கறேன். எம் பக்கத்துல நில்லு. எனுக்கு இருட்டினு வந்தா புடிச்சிக்கோ. நடவு முடிஞ்ச மக்கா நாளு நானே வந்து உன்ன இட்டுக்கினு செங்கல்பட்டு போறேன். சத்தியமா."

ஷீபா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாட்டேன், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்க வேண்டும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வரிசையில் சேர்த்துக்கொள்கிறேன் என்ற வார்த்தை காதில் தேனாக விழுந்துவிட்டதே! இத்தனை மாதம் பட்டினி கிடந்தவள் முன்னால் இலையைப் போட்டுவிட்டு, சாப்பிடாதே என்றால் கேட்பாளா? "சரிக்கா" என்றாள். தான் செய்வது தப்பு என்று தெரிந்தேதான் சொன்னாள்.

மறுநாள் ஏகாம்பரத்தின் கழனியில் நடவு. ஏரி மதகுக்குக் கீழே அவருக்கு நல்ல நிலம் உண்டு. ஷீபாவைப் பார்த்ததும் பெண்கள் வரப்பிலேயே நின்றுவிட்டார்கள். சுலோச்சனா ஒரு அதட்டல் போட்டாள்.

"இன்னா பாக்கறீங்கோ? எம் பக்கத்துலதான நிக்கப்போறா? அட்ச்சா என்னத்தான அடிக்கும்? எறங்குங்கடி!"

என்ன தைரியம் என்று அவளை மெச்சிக்கொண்டே எல்லோரும் இறங்கினார்கள். ஏகாம்பரம் மட்டும் கூப்பிட்டு, "யார் நட்டா எனக்கென்னம்மா, நாத்து முத்தறதுக்குள்ள வேலை முடியணும். என் மோட்டார் கொட்டா பக்கம் மட்டும் போவாத" என்றார். ஷீபா தலையாட்டினாள். மோட்டார் கொட்டகையை யார் கேட்டது! சேறு கணுக்காலுக்கு மேல் ஏறியபோது அவளுக்கு அழுகை வந்தது. குனிந்து நட்டதால் யாரும் பார்க்கவில்லை.

முதல் நாள் யாரும் அவளோடு பேசவில்லை. இரண்டாம் நாள் ஒருத்தி நாற்றுக் கட்டை அவள் பக்கம் எறிந்தாள். அடுத்த நாள் மத்தியானம் எலுமிச்சங்காய் ஊறுகாய் டப்பா அவள் வரைக்கும் வந்தது. கை பட்டது, ஒன்றும் ஆகவில்லை, கொடுத்தவளே சிரித்துவிட்டாள். "ஏண்டி, உன் புருசன் உன்னாண்ட வர்றானா, இல்ல ரப்பர் செருப்பு மாட்டிக்கினு வர்றானா?" என்று ஒருத்தி கேட்க, வரப்பே குலுங்கியது. ஷீபா அன்றைக்குச் சிரித்ததுபோல எத்தனையோ மாதமாகச் சிரித்ததில்லை. தினமும் சாயங்காலம் மட்டும் சுலோச்சனாவின் பக்கத்தில் நடந்தபடி, "யக்கா, நாளைக்கு போலாமா?" என்று மெதுவாகக் கேட்பாள். "இன்னும் ரெண்டு துண்டு கயனிதான" என்பாள் சுலோச்சனா. அவள் முகம் நாளுக்கு நாள் சாம்பல் பூத்துக்கொண்டு வந்தது. ஷீபா பார்த்தாள். பார்த்துக்கொண்டே மறுநாளும் வேலைக்குப் போனாள்.

கடைசித் துண்டை நட்டுக்கொண்டிருந்தபோது அது நடந்தது. "ஆங், பின்ன..." என்று சுலோச்சனா ஆரம்பித்தாள். பாதிக் குரல்தான் வந்தது. ஷீபா திரும்புவதற்குள் அவள் முகம் குப்புறத் தண்ணீரில் விழுந்துவிட்டாள். கை கால் இரண்டு தரம் வெட்டி இழுத்தது.

"ஐயோ, கரண்டு! கரண்டு அட்ச்சிடுச்சி!"

அந்த ஒரு கூச்சல்தான். நாற்றையெல்லாம் உதறிவிட்டு, ஒருத்தியை ஒருத்தி தள்ளிக்கொண்டு, அத்தனை பேரும் வரப்பில் ஏறிவிட்டார்கள். ஏகாம்பரம் கொட்டகைக்கு ஓடி மோட்டாரை அணைத்தார். சேற்றில் முகம் புதைந்து கிடந்தவளிடம் ஒருத்திகூடப் போகவில்லை. அவளோடு இருபது வருடம் ஒன்றாக நட்டவர்கள், அவள் பேசி வாங்கிக் கொடுத்த கூலியில் சோறு தின்றவர்கள், வாயில் புடவையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஷீபா அவளைப் புரட்டினாள். மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த சேற்றை விரல் விட்டுத் தோண்டினாள். தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு முதுகைத் தட்டினாள். "யக்கா! யக்கா, இங்க பாரு! ஏசுவே, இவள உட்டுடாத!" என்று அலறினாள். பாரம் தூக்காதே, கையை இழுக்காதே என்று முன்பு சொன்னது ஒன்றும் அவள் நினைவில் இல்லை. சுலோச்சனாவின் நெஞ்சில் நின்றுபோயிருந்தது எதுவோ மறுபடியும் கிளம்பியது. ஒரு இருமல். சேற்றுத் தண்ணீர் வெளியே வந்தது. முகத்தில் திடீரென்று ரத்தம் ஏறியது. ஷீபா அவளை அணைத்து வரப்புவரைக்கும் இழுத்துவந்து உட்காரவைத்தாள்.

எல்லோரும் எட்டி நின்றே பார்த்தார்கள். "யக்கா, இன்னா ஆச்சி?" என்று ஒருத்தி கேட்டாள். "கரண்டா?"

சுலோச்சனா மூச்சு வாங்கினாள். எதிரே நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசியில் ஷீபாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது: உத்திரமேரூர், ஒயர், டாக்டர், பஸ்சில் செய்த சத்தியம், எல்லாம். தெரியாமல் சொன்னாள் என்று யாரும் அவளுக்காக வக்காலத்து வாங்க வேண்டாம்.

"ஆமாண்டி" என்றாள். "இவ கை பட்டுச்சி. ஜிவ்வுன்னு ஏறிச்சி."

ஷீபா எல்லோர் பக்கமும் திரும்பினாள்.

"யக்கா, இன்னா பேசற நீ? யாரு உன்ன சேத்துலேர்ந்து தூக்குனது? கேளுங்கம்மா, எனுக்கு வந்த அதே நோவு இவுங்களுக்கு கீது. நானே இட்டுக்கினு போய் காட்டுனேன். நெஞ்சு நின்னு நின்னு அடிக்குது. ஒடனே மிசின் வெக்கணும்னு டாக்டர் சொன்னாரு. யாராச்சும் கைய புடிச்சி பாருங்க! இப்பவே புடிச்சி பாருங்க!"

ஊறுகாய் கொடுத்தவள் ஒரு அடி முன்னால் வந்தாள். சுலோச்சனா இரண்டு கைகளையும் இழுத்து அக்குளுக்குள் செருகிக்கொண்டாள்.

"பாத்தியா இவள! தனுக்கு மூக்கு போச்சின்னு ஊருல எல்லாரு மூக்கையும் அறுக்க பாக்கறா. இவ மிசின் வெச்சிக்கினா, நானும் வெச்சிக்கணுமா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்துபோயிற்று. முன்னால் வந்தவள் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ கெளம்பும்மா. எதுனா ஒண்ணு ஆச்சின்னா நான் போலீசுக்கு பதில் சொல்லணும்" என்றார்.

ஷீபா நகரவில்லை. சுலோச்சனாவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கத்த நினைத்தாள், ஆனால் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் குரல் வந்தது.

"அடுத்த தபா வியும்போது நான் இருக்க மாட்டேன். அப்ப யார் பேர சொல்லுவ?"

சுலோச்சனா அக்குளில் செருகிய கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவளுக்கும் பயம்தான். அந்தப் பயத்தைப் பார்த்தும் ஷீபாவுக்கு அன்றைக்கு இரக்கம் வரவில்லை.

"மிசின் வெச்சிக்கினு உன்ன மாதிரி இருக்கறதா?" என்றாள் சுலோச்சனா, அதே தாழ்ந்த குரலில். "கண்ணால பாத்துக்கினுதான இருந்தேன், உன் பொயப்ப. போடி."

"என் பொயப்ப இப்டி பண்ணது நீதான்!"

சுலோச்சனா வரப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். தள்ளாடினாள். இரண்டு பேர் ஓடிவந்து தாங்கிக்கொண்டார்கள், இப்போது அவர்களுக்குத் தொடப் பயமில்லை. ஏகாம்பரம் மோட்டாரைப் போட்டார். பெண்கள் சேற்றில் காலை வைக்காமல் ஷீபாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் போனால்தான் இறங்குவார்கள்.

அவள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தாள். கழனி முடிகிற இடத்தில் கால்வாய் ஓடிக்கொண்டிருந்தது. முழங்கால்வரைக்கும் சேறு, புடவையெல்லாம் சேறு, சுலோச்சனாவின் வாயிலிருந்து எடுத்த சேறு விரலிடுக்கில் காய்ந்துகொண்டிருந்தது. கையைக் கழுவலாம் என்று குனிந்தாள்.

"ஏய்! அதுல கைய வெக்காத!" பின்னாலிருந்து குரல் வந்தது. சுலோச்சனாவின் குரல்தான், மூச்சிரைத்தபடி. "அந்தத் தண்ணி நாங்க எறங்கற கயனிக்குத்தாண்டி வருது!"

ஷீபா நிமிர்ந்தாள். கையைப் புடவையில்கூடத் துடைக்காமல், சேற்றோடு ரோட்டில் ஏறி வீட்டுக்கு நடந்தாள்.